வீட்டு வாசலில் இட்லி மாவுக் கடை: சென்னையில் புதிதாகத் தொடங்குவோர் கேட்கும் கேள்விகள்

மேற்கு மாம்பலமோ நங்கநல்லூரோ, சென்னையில் எந்தத் தெருவில் நுழைந்தாலும் சாயங்காலம் ஐந்து மணிக்கு ஒரு வீட்டு வாசலில் தூக்குவாளியோடு நாலு பேர் நிற்பார்கள். சின்ன முதல் போட்டு வீட்டிலேயே தொடங்கக்கூடிய தொழில்களில் மாவுக் கடைக்குத்தான் இன்றும் முதலிடம். ஆனால் மளிகைச் சாமான் மாதிரி வாங்கி வைத்து விற்கிற சரக்கு இல்லை இது. விற்ற பிறகும் மாவு பொங்கும், புளிக்கும். கீழே வரும் கேள்விகளில் பாதிக்கு மேல் இதிலிருந்துதான் கிளம்புகின்றன.

ஒரு நாளைக்கு எவ்வளவு அரைத்தால் கட்டுப்படியாகும்?

முதலில் ஒரு கிலோ மாவின் அடக்க விலையைக் கணக்கிடுங்கள். 1 கிலோ இட்லி அரிசி, 250 கிராம் உருட்டு உளுந்து, ஒரு தேக்கரண்டி வெந்தயம், 30 கிராம் கல்லுப்பு போட்டு அரைத்தால் சுமார் 2.8 கிலோ மாவு கிடைக்கும். அதற்கு மேல் வருகிறது என்றால் தண்ணீர் கூடிவிட்டது என்று அர்த்தம்.

கணக்கு புரிவதற்காக அரிசி கிலோ 50 ரூபாய், உளுந்து கிலோ 140 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் கடைவீதி விலையைப் போட்டுத் திருப்பிப் பார்த்துக்கொள்ளுங்கள். அரிசி 50, உளுந்து 35, மற்றவை 4, மொத்தம் 89 ரூபாய். அதை 2.8ஆல் வகுத்தால் கிலோவுக்கு ஏறக்குறைய 32 ரூபாய். கவர் 3 ரூபாய், மிஞ்சி வீணாவது 2 ரூபாய் சேர்த்தால் 37. விற்கும் விலை 50 என்றால் கையில் நிற்பது 13 ரூபாய்.

மாத வாடகை, ஆள் சம்பளம், கரண்ட், சில்லறைச் செலவு எல்லாம் சேர்ந்து 20,000 ரூபாய் என்றால், மாதம் 26 நாள் கடைக்கு தினமும் 59 கிலோ விற்றால்தான் கைக்கும் வாய்க்கும் சரியாகும். அதுவே சொந்த வீடு, அரைப்பதும் வீட்டு ஆட்கள், மாதச் செலவு 5,000 என்றால் 15 கிலோவிலேயே அந்த இடத்துக்கு வந்துவிடலாம். முதல் ஆறு மாதம் வாடகைக் கடை எடுக்காதீர்கள் என்று சொல்வது இதனால்தான். உங்கள் உழைப்புக்கான கூலி இந்த 15 கிலோ கணக்கில் இல்லை என்பதையும் மறந்துவிட வேண்டாம்.

ஒரு கிலோ மாவில் 20 முதல் 22 இட்லி, அல்லது 12 முதல் 14 தோசை வரும். தெருவில் எத்தனை வீடு வாங்கும் என்று கணிக்க இது உதவும். முதல் வாரம் 4 கிலோ அரிசிக்கு மேல் ஊறப்போட வேண்டாம்.

எந்த கிரைண்டர் வாங்குவது?

சாய்த்துக் கவிழ்க்கிற டில்டிங் கிரைண்டர், 10 லிட்டர். ஒரு தடவைக்கு ஏறக்குறைய 4 கிலோ அரிசி போடலாம். வீட்டு உபயோக 2 லிட்டர் டேபிள் டாப் கிரைண்டரை நாள் முழுக்க ஓட்டினால் மோட்டார் சூடேறிச் சில மாதத்தில் போய்விடும். கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே உண்டு. ஆனால் வாங்கும்போது பெயரை விட, உங்கள் ஏரியாவில் பெல்ட்டும் ஆயில் சீலும் மாற்றித் தர ஆள் இருக்கிறாரா என்பதுதான் முக்கியம்.

புதுக் கல்லில் முதல் நாளே விற்பனைக்கு அரைக்கக் கூடாது. நொய்யை ஊறவைத்து இரண்டு மூன்று தடவை அரைத்துக் கொட்டுங்கள். விரலிடுக்கில் தேய்த்துப் பார்த்தால் நறநறவென்று கல்தூள் தட்டுப்படக் கூடாது, அதுவரை விடாதீர்கள். மாதங்கள் போகப் போகக் கல் வழவழப்பாகிவிடும், அரைபட அதிக நேரம் எடுக்கும். அப்போது கல் கொத்துபவரைக் கூப்பிட வேண்டும். கொத்திய பிறகும் இதே சடங்குதான்.

அரைத்த மாவில் சாம்பல் நிறத்தில் மெல்லிய கோடு ஓடுகிறதா? நடுத்தண்டில் இருக்கும் ஆயில் சீல் தேய்ந்து கிரீஸ் கசிகிறது. அந்த மாவைக் கொட்டிவிடுங்கள், சீலை மாற்றாமல் அடுத்த ஈடு போடாதீர்கள். வழித்து எடுத்துவிட்டு மீதியை விற்கலாம் என்ற யோசனையே வேண்டாம்.

ஷாக் அடிக்கிறது என்கிறார்களே?

ஈரத் தரை, உலோக உடம்பு, ஓடும் மோட்டார். மூன்றும் ஒரே இடத்தில் இருக்கிறது. சரியான எர்த், மூன்று முனை 16 ஆம்பியர் பிளக், மின்கசிவு வந்தால் உடனே இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி ஆகிய மூன்றும் இல்லாமல் தொடங்கவே கூடாது. ஆர்சிசிபியில் இருக்கும் டெஸ்ட் பட்டனை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள், சுவிட்ச் தானாகக் கீழே விழுந்து கரண்ட் நிற்க வேண்டும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸைத் தரையில் போட்டு ஓட்டுவதுதான் இந்தத் தொழிலில் கண்ணுக்கு முன்னால் இருக்கும் மிகப் பெரிய ஆபத்து.

உளுந்து பொங்கி வரவில்லை. எங்கே தப்பு?

பழைய உளுந்தாக இருக்கலாம், அதிகமாக ஊறியிருக்கலாம், இல்லாவிட்டால் சூட்டில் அரைத்திருப்பீர்கள். இந்த மூன்றில் ஒன்றுதான் காரணம்.

மூட்டை எடுப்பதற்கு முன் அதே மூட்டையிலிருந்து ஒரு கிலோ வாங்கி அரைத்துப் பாருங்கள். நல்ல உளுந்து 250 கிராம் போட்டால் ஒன்றரை லிட்டருக்குக் குறையாமல் உப்பி வரும். ஒரு துளியைத் தண்ணீர்க் கிண்ணத்தில் விட்டால் மிதக்க வேண்டும். மூழ்கினால் இன்னும் காற்று ஏறவில்லை.

உளுந்து ஒரு மணி நேரம் ஊறினால் போதும். அரிசியோடு சேர்த்து ஐந்து மணி நேரம் ஊறவிட்டால் அதன் பசைத்தன்மை தண்ணீரில் இறங்கிவிடும். ஊறிய தண்ணீரைக் கொட்டாமல் ஃப்ரிட்ஜில் குளிரவைத்து, அதையே தெளித்து அரைக்கலாம். 250 கிராம் உளுந்துக்கு அரைக்கும்போது சுமார் 450 மில்லி தண்ணீர் பிடிக்கும். அதை ஒரே தடவையில் ஊற்றினால் பருப்பு கல்லுக்கு அடியில் சிக்காமல் மிதந்துகொண்டே சுற்றும், மணிக்கணக்காக ஓட்டினாலும் மசியாது. கையால் தெளித்துத் தெளித்து, 30 முதல் 40 நிமிடம் விட வேண்டும். ஏப்ரல், மே மாதங்களில் ஐஸ் தண்ணீர் கட்டாயம். டிரம்மின் வெளிப்புறத்தைத் தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கக் கூடாது.

உளுந்தை முதலில் அரைத்து எடுத்துவிட்டு, கிரைண்டரைக் கழுவாமல் அப்படியே அரிசியைப் போடுங்கள். கல்லில் ஒட்டியிருக்கும் உளுந்தை அரிசியே வழித்துக்கொண்டு வந்துவிடும், தண்ணீரும் மிச்சம். அரிசியை நைஸாக அரைக்காமல் சன்ன ரவைப் பதத்தில் எடுக்க வேண்டும். நைஸாகப் போனால் இட்லி வழவழவென்று பசையாக இருக்கும்.

இரண்டையும் கலக்கக் கையைத்தான் விட வேண்டும், கைராசியில்தான் மாவு பொங்கும் என்பார்கள். புளிக்கவைக்கும் லியூகோனாஸ்டாக் போன்ற நுண்ணுயிரிகள் உளுந்திலேயே இருக்கின்றன. விற்பனைக்கு எவர்சில்வர் கரண்டியே போதும், சுத்தமும்கூட. ராசி வீட்டு மாவுக்கு இருக்கட்டும்.

ஆப்ப சோடா சேர்க்கலாமா?

வேண்டாம். நன்றாக அரைத்த மாவுக்குத் தேவைப்படாது. சரியாக அரைபடாத உளுந்தை மறைக்கத்தான் சோடா பயன்படுகிறது. வாங்குபவர்களுக்கு அந்த வாடை உடனே தெரிந்துவிடும்.

காலையில் அரைத்த மாவு மாலைக்குள் பொங்கி வழிகிறது. ஃப்ரிட்ஜில்தானே வைத்திருக்கிறேன்?

ஃப்ரிட்ஜில் வைத்தது சரிதான், வைத்த விதத்தில்தான் கோளாறு. கிரைண்டரிலிருந்து இறங்கும் மாவு கோடையில் 32, 33 டிகிரி சூட்டில் இருக்கும். அதை 10 கிலோ வாளியோடு உள்ளே வைத்தால் ஓரம் மட்டும் குளிரும். நடுவில் இருக்கும் மாவு பல மணி நேரம் வெதுவெதுப்பாகவே இருந்து புளித்துக்கொண்டிருக்கும். மாவு சுலபத்தில் சூட்டை விடாது. கண்ணாடிக் கதவு போட்ட விசி கூலர் ஏற்கெனவே குளிர்ந்த பாட்டிலைக் குளிராகவே வைத்திருக்கத் தோதானது. சூடான பெரிய பாரத்தை வேகமாகக் குளிரவைக்க அதற்குத் தெம்பு போதாது.

ஆகவே அரைத்ததும் ஒரு கிலோ கவர்களில் போட்டு, தட்டையாகப் படுக்கவைத்து, முதல் இரண்டு மணி நேரம் ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்புங்கள். குளிர்ந்த பிறகு அடுக்கலாம். சில்லறையாக அளந்து ஊற்றுகிறவர்கள் ஆழமான வாளிக்குப் பதில், நாலு விரல்கடை உயரத்துக்கு மேல் மாவு நிற்காத அகலமான எவர்சில்வர் டிரேயில் வையுங்கள். 4 டிகிரி காட்டுகிறதா என்று கூலரின் பட்டனை நம்பாமல், உள்ளே ஒரு தெர்மாமீட்டரைத் தொங்கவிட்டுப் பாருங்கள்.

கவர் உப்பிக்கொண்டு வெடிப்பதும் இதே கதைதான். புளிக்கும் மாவு கரியமில வாயுவை விடுகிறது. முக்கால் பாகம் மட்டும் நிரப்புங்கள். வாயு வெளியேற நுண்துளை போட்ட கவர்கள் பேக்கிங் கடைகளில் கிடைக்கும்.

புளித்த மாவு விற்பதா, புளிக்காத மாவா?

இரண்டும். ஆறு மணிக்கு வருகிறவருக்கு இன்றிரவு தோசை சுட வேண்டும், அவருக்குப் புளித்த மாவு தேவை. ஏழரைக்கு வருகிறவருக்கு நாளைக் காலை இட்லி, அவருக்கு அன்றைக்கு அரைத்தது. ஒரே மாவை இருவருக்கும் கொடுத்தால் ஒருவர் நிச்சயம் குறை சொல்வார். நேற்றைய மாவில் கால் பங்கைத் தோசைக்கென்று தனியே வைத்திருங்கள், இரண்டு டிரேயிலும் பெரிதாக எழுதி ஒட்டுங்கள்.

நாளைய இட்லிக்கு வாங்குகிறவரிடம் வெளியே எத்தனை மணி நேரம் வைப்பது என்று சொல்லி அனுப்புவது பாதிப் புகாரைக் குறைக்கும். அப்போதுதான் அரைத்த மாவு மே மாதத்தில் ஐந்து ஆறு மணி நேரத்தில் பொங்கிவிடும். மார்கழியில் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் கேட்கும். கூலரிலிருந்து எடுத்துக் கொடுத்தால் குளிர் விடவே இன்னும் ஒன்றிரண்டு மணி நேரம் கூடுதலாகும்.

உப்பு சேர்த்தீர்களா இல்லையா என்பதையும் கவரிலோ பலகையிலோ எழுதுங்கள். சேர்த்த மாவில் இன்னொரு கை உப்பு போட்டுவிட்டு மறுநாள் வந்து நிற்பவர்கள் வாரத்துக்கு ஒருவராவது உண்டு.

மிஞ்சிய மாவை என்ன செய்வது?

நன்றாகக் குளிரவைத்த மாவு மூன்று நாள் இட்லிக்குத் தாங்கும். அதற்குப் பிறகு தோசை, ஊத்தப்பம், பணியாரம். விலையைக் குறைத்து, பழைய மாவு என்று சொல்லியே விற்கலாம். புது மாவில் கலக்காதீர்கள். ஒரு கரண்டி பழைய மாவு சீக்கிரம் பொங்கவைக்கும் என்பது உண்மைதான், ஆனால் தினமும் அதைச் செய்தால் புளிப்பு ஏறிக்கொண்டே போகும். நாலு நாளில் உங்கள் கடை மாவு ‘எப்பவும் புளிக்கும்’ என்று பெயர் வாங்கிவிடும். மேலே இளஞ்சிவப்பாகவோ கறுப்புப் புள்ளியாகவோ தெரிந்தால் மொத்தத்தையும் கொட்ட வேண்டியதுதான்.

தோசை சிவக்கவில்லை என்கிறார்கள்.

கடையில் விற்கும் மாவு இட்லிக்கென்று அரைத்தது, அதில் தோசை வெளுப்பாகத்தான் வரும். ஒரு கிலோ அரிசிக்கு ஒரு கைப்பிடி கடலைப்பருப்பு சேர்த்து, இன்னும் நைஸாக அரைத்துத் தோசை மாவு என்று தனியாக விற்றால் பிரச்சினை தீரும். குளிர்ந்த மாவை அப்படியே கல்லில் ஊற்றினாலும் சிவக்காது என்பதைச் சொல்லிவையுங்கள்.

என்னென்ன பதிவு, உரிமம் வேண்டும்?

உணவுப் பாதுகாப்புப் பதிவு முதலாவது. மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐயின் ஃபாஸ்காஸ் இணையதளத்தில் நீங்களே விண்ணப்பிக்கலாம். புகைப்படம், அடையாள அட்டை, முகவரிச் சான்று கையில் இருந்தால் போதும். சிறு வணிகத்துக்குப் ‘பதிவு’, பெரியதற்கு ‘உரிமம்’ என்று இரண்டு நிலைகள் உண்டு. எந்த விற்றுமுதல் வரை பதிவு போதும் என்பதை அன்றைய தேதியில் தளத்திலேயே பாருங்கள், விதி மாறுகிறது. வீட்டு மாவுக் கடைக்குப் பதிவே போதும். அரசுக் கட்டணம் சொற்பம். ஏஜென்ட் ஆயிரக்கணக்கில் கேட்டால் அது அவருடைய கூலி. 14 இலக்க எண் வந்ததும் கடையில் மாட்டி, கவரிலும் அச்சிடுங்கள்.

அடுத்தது மாநகராட்சித் தொழில் உரிமம். பிறகு தராசு. மின்னணுத் தராசுக்கு ஆண்டுக்கு ஒருமுறை முத்திரை வேண்டும், தமிழ்நாட்டில் இதைத் தொழிலாளர் துறை பார்க்கிறது. முத்திரை இல்லாத தராசில் எடை சரியாக இருந்தாலும் அபராதம் உண்டு.

கவரில் அடைத்து விற்றால் பொருளின் பெயர், சேர்மானம், நிகர எடை, எம்ஆர்பி, தயாரித்த தேதி, எதுவரை பயன்படுத்தலாம், உங்கள் முகவரி, புகார் எண், பச்சைப் புள்ளி சைவக் குறி எல்லாம் இருக்க வேண்டும். வாங்குபவர் பாத்திரத்தில் அளந்து ஊற்றினால் இந்த அச்சுச் செலவு இல்லை, கவர் காசு 3 ரூபாயும் மிச்சம். அதில் ஒரு ரூபாயை அவருக்கே விட்டுக்கொடுத்தால் மறுநாளும் தூக்குவாளியோடு வருவார். கைப்பிடி வைத்த பிளாஸ்டிக் பை தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை. யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள்.

ஜிஎஸ்டி கட்ட வேண்டுமா?

இட்லி, தோசை மாவுக்கு 2017 நவம்பரில் 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைத்தார்கள். ஆனால் சரக்கு விற்பவருக்கு ஆண்டு விற்றுமுதல் 40 லட்சத்தைத் தாண்டினால்தான் பதிவே கட்டாயம். கிலோ 50 ரூபாய் என்றால் தினமும் 219 கிலோ, 365 நாளும். அந்த அளவுக்கு வரும்போது கணக்காளரை வைத்துக்கொள்ளலாம்.

வீட்டு மீட்டரிலேயே ஓட்டலாமா?

ஓட்டக் கூடாது. வீட்டு இணைப்பில் வியாபாரம் செய்வது தெரிந்தால் பழைய மாதங்களுக்கும் சேர்த்துக் கணக்குப் போட்டு அபராதம் வரும், பில் வருவது வீட்டுக்காரர் பெயரில். உங்கள் ஏரியா மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் உதவிப் பொறியாளரைப் பார்த்து, மோட்டாரின் குதிரைத்திறனையும் கூலரின் வாட்ஸையும் சொல்லி, எந்தக் கட்டணப் பிரிவில் தனி மீட்டர் என்று கேளுங்கள்.

பராமரிப்பு மின்தடை பெரும்பாலும் காலை 9 முதல் மதியம் 2 வரை வரும். அன்றைக்கு மட்டும் முந்தின இரவே அரிசியை ஊறப்போட்டு எட்டரைக்குள் அரைத்து முடியுங்கள். அரைத்துக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் உடனே சுவிட்சை அணைத்து, மாவைப் பாதியாவது வழித்து எடுங்கள். திரும்ப வரும்போது முழுப் பாரத்தோடு மோட்டார் கிளம்பாது. பெல்ட் வழுக்கிக் கருகும், இல்லையென்றால் மோட்டாரின் கம்பிச்சுருளே (காயில்) எரிந்துபோகும்.

வாடகை வீடு. வீட்டுக்காரர் சம்மதிப்பாரா?

அவருக்கு மூன்று பயம்: மின் கட்டணம், சொத்து வரி, ஈரம். கட்டடத்தின் ஒரு பகுதி வணிக உபயோகம் என்று வந்தால் அந்தப் பகுதிக்கு வரி கூடும், அது அரையாண்டுக்கு ஒருமுறை அவர் தலையில் விழும். கூடுகிற தொகையை நீங்கள் தருவதாக வாடகை ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். வாய்ப்பேச்சில் விட்டால் மார்ச் மாதத்தில் மனக்கசப்பு வரும்.

அக்கம்பக்கத்தில் சண்டை வராமல் இருக்க?

கிரைண்டர் சத்தத்தைவிட அதன் அதிர்வுதான் பக்கத்து வீட்டுக்குத் தொல்லை. தரைத்தளத்தில் வையுங்கள், பொதுச் சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி, காலுக்கு அடியில் கனமான ரப்பர் மேட் போடுங்கள். காலை ஆறுக்கு முன்னும் இரவு பத்துக்குப் பின்னும் ஓட்டாமல் இருப்பது நல்லது. அடுக்ககம் என்றால் சங்கத்தின் சம்மதம் எழுத்தில் வேண்டும்.

அடுத்தது தண்ணீர். 20 கிலோ அரிசிக்குக் கழுவ, ஊறவைக்க, கிரைண்டர் அலச 150 முதல் 200 லிட்டர் ஆகும். போர் தண்ணீர் உப்பாக இருக்கும் ஏரியாவில் அரைக்க மட்டுமாவது கேன் தண்ணீர் வையுங்கள், மாவு ருசி மாறிவிடும். கழுநீரைத் தெருவில் விட்டால் மறுநாளே நாறும். அலசுகிற தண்ணீரில் இருக்கும் மாவு சாக்கடைக் குழாயில் படிந்து கெட்டியாகும், மூன்று மாதத்தில் அடைப்பு. ஒரு டிரம்மில் பிடித்து அரைமணி நேரம் தெளியவிட்டு, மேல் தண்ணீரை மட்டும் குழாயில் விடுங்கள். அடியில் நிற்கும் மண்டியை மாடு வைத்திருப்பவர்கள் கேட்டு வாங்கிப் போவார்கள்.

ஆறிலிருந்து எட்டு வரை பக்கத்து வீட்டு கேட்டை மறைத்து நிற்கும் வண்டிகளுக்கு உங்களைத்தான் குறை சொல்வார்கள். வண்டியை எங்கே நிறுத்துவது என்று ஒரு பலகை வையுங்கள், அந்த வீட்டுக்கு அவ்வப்போது ஒரு கிலோ மாவும் அனுப்புங்கள்.

மளிகைக் கடைகளுக்குப் போடலாமா?

போடலாம், ஆனால் பாக்கெட்டுக்கு ஐந்தாறு ரூபாய் அவர்கள் கமிஷன், விற்காததைத் திரும்ப எடுக்க வேண்டும், பணம் வாரக் கடைசியில். மேலே போட்ட 13 ரூபாய்க் கணக்கில் பாதி போய்விடுகிறது. இரவு கூலரை அணைத்துவிடும் கடை என்றால் கெட்ட பெயர் உங்களுக்கு. இரண்டு கடையோடு தொடங்கி, திரும்பி வருவது இருபதுக்கு ஒரு பாக்கெட்டைத் தாண்டினால் அந்தக் கடைக்கு அனுப்புவதைக் குறையுங்கள்.

கடன், மானியம்?

சிறு, குறு தொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவு இலவசம், முதலில் அதை எடுங்கள். மத்திய அரசின் முத்ரா கடன் திட்டத்தில் ‘சிசு’ பிரிவு 50,000 ரூபாய் வரை. ஒரு கிரைண்டருக்கும் பழைய கூலருக்கும் போதும். சிறு உணவுத் தொழில்களுக்கான மத்திய அரசின் பிஎம்எஃப்எம்ஈ திட்டத்தில் தகுதியான திட்டச் செலவில் 35 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் வரை மானியம் அறிவித்திருந்தார்கள். அது இப்போதும் திறந்திருக்கிறதா என்பதை மாவட்டத் தொழில் மையத்தில் கேளுங்கள். மானியம் வரும் என்று நம்பித் தேவைக்கு மேல் 20 லிட்டர் கிரைண்டராக வாங்கிவிட வேண்டாம். அதில் 4 கிலோ அரிசியைப் போட்டால் கல்லுக்கு அடியில் போதிய பருப்போ அரிசியோ நிற்காது, அரைபடவும் செய்யாது.